கோர்வைக்கு ஒரு ஆள்

வெங்கடம் ராத்திரியில் தனியாக உட்கார்ந்து நெய்கிறான். பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ பார்த்தவர்களுக்குக் கதையின் மற்ற பகுதிகள் மறந்துபோயிருந்தாலும் இது மறந்திருக்காது. பகலெல்லாம் முதலாளியின் தறிக்கூடத்தில் வேலை. வெளியே வரும்போது உடம்பைத் தடவிப் பார்க்கும் சோதனை. அதற்குத் தப்பி, வாய்க்குள் அடக்கிக் கொண்டுவந்த பட்டு இழைகளைச் சேர்த்து வைத்து, மகள் கல்யாணத்துக்கென்று ஒரு சேலையை வருடக்கணக்கில் ஒளிந்து நெய்கிறான். கொஞ்சம் வெளிச்சம், ஒரு தறி, பிரகாஷ்ராஜின் முகம். திருவின் ஒளிப்பதிவு அந்த இருட்டைக்கூடக் கையால் தொட்டுப் பார்க்கலாம் என்று நினைக்க வைக்கிறது. எனக்கும் பிடித்த காட்சிதான். காஞ்சிபுரத்தின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் மட்டும் அது இடிக்கிறது.

காஞ்சிப் பட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டுக்கும் தனித்தனி ஊடை, அதாவது குறுக்கிழை. இரண்டும் சந்திக்கும் கோட்டில் இழைக்கு இழை பூட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பூட்டு சரியாக விழுந்தால் சேலை கிழிந்தாலும் கரை தனியே பிரியாது என்பார்கள். இதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். நடுவில் உட்காரும் நெசவாளிக்கு இருப்பது இரண்டு கை. அதனால் தறியின் ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் திருப்பி விடுவார். அந்த இரண்டாவது ஆள் ஒரு காலத்தில் பெரும்பாலும் வீட்டுப் பையன், இல்லையென்றால் அடுத்த வீட்டுப் பையன், அப்புறம் மனைவி. காலும் கையும் இரண்டு பேருக்கும் ஒரே தாளத்தில் வரவேண்டும். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையென்றால் கோர்வைக் கோட்டிலே தெரியும் என்று இங்கே ஒரு கேலி உண்டு.

கோர்வையில்லாத சேலையைத் தனி ஆள் நெய்யலாமே, வெங்கடம் நெய்தது அப்படி ஒன்றாக இருக்கக்கூடாதா என்று கேட்டால், இருக்கலாம். வாதத்தில் ஜெயித்துவிடலாம். ஆனால் நாடா ஓடத் தொடங்குவதற்கு முன்னால் பாவு என்று ஒன்று இருக்கிறது. ஆயிரக்கணக்கான இழைகளைச் சேலை நீளத்துக்கு வரிசைப்படுத்தி, தெருவிலே நீட்டி, கம்பு கொடுத்து, அறுந்ததை ஒட்டி, சுருட்டித் தறிக்குக் கொண்டுவர வேண்டும். வீட்டுக்குள் அதற்கு இடம் போதாது. காலையில் வெயில் ஏறுவதற்குள் தெருவே ஒரு தறியாகிவிடும். சைக்கிளில் வருகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். அப்புறம் பழைய பாவின் முனையோடு புதுப் பாவை இழை இழையாக அச்சுப் பிணைக்க வேண்டும்; அது தனிக் கைவேலை, அதற்கென்றே ஆட்கள் உண்டு. தார் சுற்ற வேண்டும். அது பாட்டியின் வேலை. பட்டுச் சேலையை ரகசியமாக நெய்ய முடியாது. இந்தத் தொழிலில் ரகசியத்துக்கு எங்குமே இடம் விடவில்லை.

ஒரு படத்தை இப்படித் தொழில் நுணுக்கத்தில் பிடித்து ஆட்டுவது அற்பமான வேலை என்று எனக்கும் தெரியும். சினிமாவில் மருத்துவர் ஊசி போடும் விதத்தைப் பார்த்து மருத்துவர்கள் சிரிப்பார்கள். வக்கீல்கள் கோர்ட் காட்சியைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த ரகக் குற்றச்சாட்டு இல்லை இது. வெங்கடத்தைத் தனியாக உட்கார வைத்ததில்தான் ‘காஞ்சிவரம்’ என்ற குடும்பக் கதை குடும்பத்தைத் தவறவிட்டது என்று நினைக்கிறேன்.

எனக்கு இது தியேட்டரில் தோன்றவில்லை. தியேட்டரில் படம் நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். தறியில் எத்தனை பேர் என்று எண்ண நேரமில்லை. தோன்றியது, உறவுக்காரர் வீட்டுக் கூடத்தில், வட்டு போட்டுப் பார்த்தபோது. கூடத்தில் பாதி தறிக்குழி. மீதியில் டிவி, பீரோ, நாங்கள். படம் ஓட வேண்டுமென்றால் தறி நிற்க வேண்டும், இரண்டும் ஒன்றாகச் சத்தம் போட முடியாது. தறி நின்றால் அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது; சேலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. ஆகவே அங்கே படம் பார்ப்பது செலவு. செலவு செய்கிறவர்கள் கவனமாகப் பார்ப்பார்கள். ராத்திரி நெசவுக் காட்சி வந்ததும் பெரியம்மா கேட்டார்: “கரைக்கு யாரு உக்காந்தா?” பெரியப்பா ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டிப் பார்த்தார். யாரும் உட்காரவில்லை. “சினிமாதானே” என்று சொல்லிவிட்டு மேலே பார்த்தார்கள். கடைசிக் காட்சியில் பெரியம்மா அழுதார். அழுதது வெங்கடத்தின் மகள் தாமரைக்காக. கேட்ட கேள்வி அப்படியே நின்றது.

வீட்டுக்குள் படம் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, தமிழக அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. அண்ணா இதே காஞ்சிபுரத்துக்காரர், நெசவுக் குடும்பத்தில் 1909-இல் பிறந்தவர். நெசவாளர் துயரத்தைச் சொல்ல 1953-இல் திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைத் தோளில் போட்டு விற்றவர். டிவி வந்த அடுத்த ஆண்டே, 2007-இல், மோசர் பேயர் நிறுவனம் வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று விலையைக் கீழே இறக்கியது. அதுவரை திருட்டு வட்டு விற்றவன்கூட அந்த விலைக்குத் திகைத்தான். திருட்டு வட்டுக்காரர்களைக் குண்டர் சட்டத்தில் பிடிக்க 2004-இலேயே சட்டம் திருத்தியிருந்தார்கள். சட்டம் செய்ததைவிட 28 ரூபாய் அதிகம் செய்தது. இந்த நேரத்தில்தான் ‘காஞ்சிவரம்’ வருகிறது. 2008-இல் டொரொண்டோ விழா, 2009 மார்ச்சில் தியேட்டர், செப்டம்பரில் 2007-ஆம் ஆண்டுக்கான சிறந்த படம், சிறந்த நடிகர் என இரண்டு தேசிய விருது. ‘மறுபக்க’த்துக்கு அடுத்து இந்தியாவின் சிறந்த படம் என்ற விருது பெற்ற இரண்டாவது தமிழ்ப்படம். விருது வருவதற்குள் தியேட்டரிலிருந்து போய்விட்டது. விருதைக் கேள்விப்பட்டு யாராவது பார்க்க நினைத்தால் வீடுதான் வழி.

‘காஞ்சிவர’த்துக்கு அண்ணன் முறையில் ஓர் இத்தாலியப் படம் இருக்கிறது. எர்மான்னோ ஓல்மி 1978-இல் எடுத்த ‘மரக்காலணி மரம்’. அந்த ஆண்டு கான் விழாவில் தங்கப்பனை வாங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வருடங்கள். லொம்பார்டியில் பெர்கமோ பக்கம் ஒரு பெரிய பண்ணைவீடு. நான்கு குத்தகைக் குடும்பங்கள் ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடியிருக்கின்றன. நிலம், வீடு, மரம், மாடுகளில் பல, எல்லாம் பண்ணையாருடையவை; விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கும் அவருக்கே. பத்திஸ்தி என்ற விவசாயியின் மகன் மினெக் கெட்டிக்காரப் பையன். பாதிரியார் சொன்னதால் அவனைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். தினமும் ஆறு கிலோமீட்டர் நடை. ஒருநாள் திரும்பி வரும்போது மரச்செருப்பு உடைந்துபோகிறது. அப்பன் ராத்திரியில் போய், வாய்க்கால் கரையில் பண்ணையாருக்குச் சொந்தமான மரம் ஒன்றை வெட்டி, மறைத்து எடுத்துவந்து, செருப்பு செதுக்குகிறான். பிறகு கண்டுபிடிக்கிறார்கள். குடும்பத்தையே வெளியேற்றுகிறார்கள். கதை என்று சொன்னால் இவ்வளவுதான். படம் மூன்று மணி நேரத்துக்கும் மேல்.

பிள்ளைக்காக அப்பன் திருடுகிறான், முதலாளியின் பொருளையே திருடுகிறான், ராத்திரியில் திருடுகிறான், பிடிபட்டுக் குடும்பம் சிதறுகிறது. ஒப்பிடாமல் இருப்பதுதான் கஷ்டம். இன்னும் பின்னால் போனால் தெ சீக்காவின் ‘சைக்கிள் திருடர்கள்’ (1948) இருக்கிறது, அங்கேயும் மகன் பார்க்க அப்பன் திருடுகிறான். 1952-இல் இந்தியாவின் முதல் சர்வதேசப் பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தது. இத்தாலியப் படங்கள் அப்போதுதான் நம் ஆட்களின் கண்ணில் பரவலாகப் பட்டன. அடுத்த வருடமே நம் நெசவாளரைப் பற்றித் தமிழில் முழு நாவலாக ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953) வந்துவிட்டது. இலக்கியத்துக்குத் தறி தெரிந்த அளவுக்கு நம் சினிமாவுக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் அண்ணாவே சினிமாவுக்கு எழுதியவர்.

ஓல்மி மரத்தை வெட்டுவதைக் காட்டும் முன் வேறு எவ்வளவோ காட்டுகிறார். விதவை ஒருத்தி துணி வெளுத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறாள். அவளுடைய மாடு சாகக் கிடக்கிறது, ஓடைத் தண்ணீரைப் பிரார்த்தனை செய்து புகட்டுகிறாள், எழுந்துவிடுகிறது. கிழவர் அன்செல்மோ ஊருக்கு முன்னால் தக்காளி பழுக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாமல் கோழி எருப் போட்டு வளர்க்கிறார். பேத்திக்கு மட்டும் அந்த ரகசியம். ஒருவன் கிடைத்த தங்கக்காசைக் குதிரையின் குளம்புக்குள் ஒளித்து வைத்து, அது காணாமல் போனதும் குதிரையோடு சண்டை போடுகிறான். கல்யாணமான ஜோடி படகில் மிலான் போய் வருகிறது. திரும்பி வரும்போது கையில் ஓர் அனாதைக் குழந்தை. பன்றி அறுப்பு, சோளம் உரிப்பு, மாலையில் தொழுவத்தில் கூடிப் பேய்க்கதை. மரம் வெட்டுவது இத்தனைக்கும் நடுவில் ஒரு வேலையாக வந்து போகிறது. திருட்டை யாரும் வசனம் பேசி நியாயப்படுத்துவதில்லை. வெட்டிய குடும்பம் வண்டியில் சாமான் ஏற்றிப் போகும்போது மற்ற மூன்று குடும்பங்களும் வீட்டுக்குள்ளேயே நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கின்றன, ஜெபிக்கின்றன, வெளியே வந்து கட்டிப்பிடித்து அழுவதில்லை. வண்டி போனபின்தான் முற்றத்துக்கு வருகிறார்கள். பண்ணையார் பார்த்தால் நாளை தங்களுக்கும் இதுதான் என்ற பயம். இந்தக் கோழைத்தனத்தையும் அன்போடு காட்டுகிறார் ஓல்மி. நான் பார்த்த குடும்பப் படங்களில் இதைவிடக் கடுமையான காட்சி இல்லை, இத்தனைக்கும் யாரும் சாகவில்லை.

அந்த முற்றம் ‘காஞ்சிவர’த்தில் இல்லை. வெங்கடத்தின் கதை ஒரு சபதத்தில் தொடங்குகிறது. மனைவிக்குப் பட்டுக் கட்டிக் கூட்டிவர முடியாதவன், பெண் குழந்தை பிறந்ததும் அவள் கல்யாணத்துக்குப் பட்டு என்று வாக்குக் கொடுக்கிறான். சேர்த்த பணம் தங்கை வீட்டுக்குப் போகிறது. அதிலிருந்து திருட்டு. எழுத்தாளன் ஒருவன் மூலம் கம்யூனிசம் வருகிறது. வெங்கடமே வேலைநிறுத்தத்துக்குத் தலைவனாகிறான். தறி நின்றால் திருட நூல் கிடைக்காது என்பதால் தன் போராட்டத்தைத் தானே உடைக்கிறான். இது மிக நல்ல முடிச்சு. தனிமனிதனின் ஆசைக்கும் கூட்டத்தின் கோரிக்கைக்கும் நடுவில் ஓர் அப்பனை இப்படி நிறுத்திய தமிழ்ப்படம் வேறு நினைவுக்கு வரவில்லை. பாதி நெய்த சேலையால் மகளின் உடலைப் போர்த்தும்போது முகத்தை மூடினால் கால் தெரிகிறது, காலை மூடினால் முகம் தெரிகிறது. அந்த முடிவின் பலத்தை மறுக்க முடியாது.

ஆனாலும் ஊர் முழுக்க இந்தப் படத்தில் வெங்கடத்துக்குப் பின்னணியாகவே நிற்கிறது. திருடுவதும் நெய்வதும் தண்டனை அனுபவிப்பதும் அவன் ஒருவன். இங்கே தறியின் கணக்கு வேறு. தறிக்கூடங்கள் காஞ்சியில் உண்டு. ஆனால் பிள்ளையார்பாளையத்தில் தறி வீட்டுக்குள்ளே. முதலாளியோ சங்கமோ பட்டையும் ஜரிகையையும் எடைபோட்டுக் கொடுக்கும்; நெய்த சேலையை எடைபோட்டு வாங்கும். நடுவில் சேதாரம் எவ்வளவு என்பதில்தான் நூறு வருடச் சண்டை. சாயத்துக்கு முன் பட்டைக் காய்ச்சிப் பசை நீக்கும்போதே கிட்டத்தட்ட கால் பங்கு எடை போய்விடும் என்பதால் எடை என்பது எந்தக் கட்டத்தில் போட்டது என்று எப்போதும் ஒரு கேள்வி இருக்கும். உடம்பைத் தடவிச் சோதிக்கத் தேவையில்லை, தராசு போதும். தராசின் முன்னால் சந்தேகப்படுவது ஒருவன்மேல் இல்லை, வீட்டின்மேல். தார் சுற்றிய கிழவியிலிருந்து கரைக்கு உட்கார்ந்த பையன்வரை எல்லார் கையும் கணக்கில் வரும். கடனும் அப்படியே. தறிக்கு முன்பணம் வாங்கியவன் பெயர் ஒன்று. அதை நெய்து கழிப்பது வீடு.

அந்தக் கரைக்கு உட்கார்ந்த பையனைப் பற்றித்தான் படம் எடுத்திருக்க வேண்டும். அவன் பள்ளிக்கூடம் போகவில்லை. சொந்தத் தறியில் ஆள் இருந்தால் முன்பணத்துக்காக அடுத்தவர் தறிக்குப் போனான். பட்டுத் தொழிலில் குழந்தைகள் கொத்தடிமையாக இருப்பதைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் வெளியிட்ட அறிக்கை உத்தரப்பிரதேசம், கர்நாடகத்தோடு காஞ்சிபுரத்தையும் சேர்த்தே பேசியது. பிள்ளைகளைத் தறியிலிருந்து மீட்டுப் பள்ளிக்கு அனுப்பும் வேலை தொண்ணூறுகளிலேயே இங்கே தொடங்கிவிட்டது, பெருமளவு வெற்றியும் பெற்றது. வெற்றி பெற்றதும் கோர்வைக்கு ஆள் இல்லாமல் போனது. ஓரத்தில் மனைவி வந்து உட்கார்ந்தாள். மகன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் ஏறினான். நோக்கியா 2006-இல் அங்கே தொடங்கி 2014 நவம்பரில் மூடியது. அதில் போனவர்கள் மூடியபின் தறிக்குத் திரும்பிவிடவில்லை, வேறு கம்பெனி பஸ் ஏறினார்கள். இன்றைக்குக் கடையில் கோர்வை என்று விற்பதில் எத்தனை கோர்வை என்று கேட்டால் கடைக்காரர் பேச்சை மாற்றுவார். புவிசார் குறியீடு 2005-இலேயே வாங்கியாகிவிட்டது. குறியீடு வந்து கரைக்கு உட்காராது.

மினெக்கைப் படிக்க அனுப்பியதில்தான் ஓல்மியின் கதையும் தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடம் என்பது அந்த வீட்டில் ஒரு ஜோடிக் கையின் இழப்பு, ஒரு ஜோடிச் செருப்பின் செலவு. பாதிரியாருக்கு அது தெரியாது, அப்பனுக்குத் தெரியும். பிள்ளையார்பாளையத்தில் இந்தப் படத்தைப் போட்டால் யாரும் கதை விளக்கம் கேட்க மாட்டார்கள்.

ஓல்மிக்கு இது எப்படி வாய்த்தது? ஒரு காரணம், அவர் பெர்கமோக்காரர். பாட்டி சொன்ன கதைகளே படத்தின் மூலம். இன்னொன்று, நடித்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கத்து விவசாயிகள், தொழில்முறை நடிகர் ஒருவரும் இல்லை. அவர்கள் வீட்டில் பேசும் பெர்கமோ வழக்கிலேயே பேசினார்கள். மற்ற இத்தாலியர்களுக்கே அது சட்டென்று பிடிபடாது. ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் அவரே. பணம் போட்டது ‘ராய்’, இத்தாலியின் பொதுத்துறைத் தொலைக்காட்சி. அதாவது ஆரம்பத்திலேயே வீட்டுக்கென்று எடுத்த படம். காஞ்சியிலும் செங்குந்தர் வீட்டுத் தமிழ் ஒன்று, பத்மசாலியர் வீட்டுத் தெலுங்கு ஒன்று, சௌராஷ்டிரர் பேச்சு ஒன்று என்று தறிக்குத் தறி மாறும். பிரியதர்ஷனுக்கு இந்த ஊரைச் சொந்தமாகத் தெரிய நியாயமில்லை. மலையாளத்திலும் இந்தியிலும் நகைச்சுவைப் படங்களில் பெயர் எடுத்தவர், சம்பாதித்த பெயரைப் பணயம் வைத்து இப்படி ஒன்றை எடுத்தார். அதற்காக அவருக்கு ஒரு வணக்கம். காஞ்சிபுரத்துக்காரர் யாரும் அதைக்கூடச் செய்யவில்லையே.

2017-இல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் ஓல்மியின் படத்தை 4கே மறுசீரமைப்பில் ப்ளூரேயாகக் கொண்டுவந்தது. மார்ட்டின் ஸ்கார்செசி தொடங்கிய ஃபிலிம் ஃபவுண்டேஷனும் பொலோன்யா ஆவணக்காப்பகமும் சேர்ந்து செய்த மறுசீரமைப்பு. ஓல்மி உயிரோடு இருந்து பார்த்தார், அடுத்த ஆண்டு மே மாதம் இறந்தார். வட்டில் படத்தோடு ஆங்கில இயக்குநர் மைக் லீயின் முன்னுரையும் 1981-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி எடுத்த ஓல்மி பற்றிய நிகழ்ச்சியும் இருக்கின்றன. பெட்டி அழகாக இருக்கும். ஆசைப்பட்டு வரவழைத்தால் நம் வீட்டுப் பிளேயரில் ஓடாது: ப்ளூரே உலகை மூன்று மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறது, அமெரிக்கா ஏ, இந்தியா சி. டி.வி.டி.யில் நாம் ஐந்தாம் எண். 28 ரூபாய் வி.சி.டி.க்கு இந்தச் சாதி வித்தியாசம் எதுவும் கிடையாது, எங்கேயும் ஓடும். படம் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரியும்.

இப்படி ஒரு வட்டு வருவதற்கு முதலில் நெகடிவ் இருக்க வேண்டும். நமக்கும் தொலைக்காட்சிப் பணத்தில் எடுத்த குடும்பப் படம் உண்டு. தூர்தர்ஷனுக்காக பாலு மகேந்திரா எடுத்த ‘சந்தியா ராகம்’ (1989). சொக்கலிங்க பாகவதர் நடித்த அந்தக் கிழவரை மறக்க முடியுமா? குடும்ப நலம் பற்றிய சிறந்த படம் என்று தேசிய விருதும் பெற்றது. ஒரு வருடம் முந்திய ‘வீடு’ம் அதே பாகவதர்தான். இந்த இரண்டின் நெகடிவும் அழிந்துவிட்டன என்று பாலு மகேந்திராவே பல இடங்களில் சொல்லி வருந்தினார். தமிழுக்கென்று ஓர் ஆவணக்காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே 2014-இல் போய்ச் சேர்ந்தார். இன்று நாம் பார்ப்பது யாரோ டிவியிலிருந்து பதிந்து வைத்தவற்றின் பிரதியின் பிரதி. ஒரு நாட்டின் பொதுத் தொலைக்காட்சி 1978-இல் எடுத்தது 2017-இல் புதிதாக வருகிறது. இன்னொரு நாட்டில் பதினோரு வருடம் பிந்தி எடுத்ததற்கு மூலமே இல்லை. இதில் தொழில்நுட்பத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

‘காஞ்சிவர’த்துக்கு நல்ல பதிப்பு வேண்டும். படத்தோடு நான் சண்டை போடுவதற்கே அது வேண்டும். பின்னால் ஓட்டி, நிறுத்தி, தறியில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிற அளவுக்குத் தெளிவான பதிப்பு. கூடவே பிரியதர்ஷனும் கலை இயக்குநர் சாபு சிரிலும் அந்தத் தறிகளை எப்படிக் கட்டினார்கள் என்று பேசும் ஒரு பகுதி. அதற்குப் பதில் சொல்ல நெசவாளர்கள் இருவர் பேசும் ஒரு பகுதி. வீட்டுக்கு வரும் பதிப்பின் நியாயமான பயன் இது என்று நினைக்கிறேன். யாரைப் பற்றிப் படம் எடுத்தோமோ அவர்கள் அதைத் தங்கள் கூடத்தில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கலாம்.

பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு முன்னுதாரணம் குஜராத்தில் இருக்கிறது. பால் கூட்டுறவைப் பற்றி ஷியாம் பெனகல் எடுத்த ‘மந்தன்’ (1976) படத்துக்குப் பணம் போட்டவர்கள் அந்தக் கூட்டுறவின் உறுப்பினர்களான ஐந்து லட்சம் விவசாயிகள், ஆளுக்கு இரண்டு ரூபாய். தங்கள் படத்தைப் பார்க்க லாரி லாரியாகத் தியேட்டருக்கு வந்தார்கள். அதே படத்தை ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் மறுசீரமைக்க, 2024-இல் கான் விழாவில் காட்டினார்கள். பிறகு இங்கே தியேட்டர்களிலும் வந்தது. மறுசீரமைப்புக்கும் அந்தக் கூட்டுறவே தோள் கொடுத்தது.

காஞ்சிபுரத்தில் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. அறிஞர் அண்ணா, காமாட்சியம்மன், திருவள்ளுவர், முருகன் என்று பட்டுச் சங்கங்களே வரிசையாக இருக்கின்றன. வெங்கடம் எந்தக் கோரிக்கைக்காகப் போராடி, எதை உடைத்தானோ, அதன் பிள்ளைகள் இந்தச் சங்கங்கள். கோர்வைத் தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து நெய்வதை, பாவு போடுவதிலிருந்து சேலை அறுப்பதுவரை, அவர்கள் வீட்டுப் பேச்சிலேயே முழுசாகப் படம் பிடித்து வைக்க இன்றைக்குப் பெரிய காமிராகூட வேண்டாம். கரைக்கு உட்கார்ந்து பழகிய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அறுபதைத் தாண்டியவர்கள். சங்க உறுப்பினர் யாராவது இதைப் படித்தால், அடுத்த பேரவைக் கூட்டத்தில் போனஸ், தள்ளுபடி மானியம் பேசி முடித்தபின் இதையும் ஒரு தீர்மானமாக எழுப்புங்கள். ஆளுக்கு இரண்டு ரூபாய் என்றே தொடங்கலாம்.